நாட்டுத் துப்பாக்கி: விசை நம் சொல் கேட்கிறதா?

நம் இதழில் துப்பாக்கியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். பஞ்சகவ்யமும் பலதானிய விதைப்பும் பேசுகிற இடத்தில் இதற்கு என்ன வேலை? வேலை இருக்கிறது. பயிர்க் காவலுக்கென்று உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி நம் உழவர் வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கிறது. காகிதத்தில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதியிருக்கும். குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டுக் கம்பியால் கெட்டிக்கிற வகை. தாத்தா காலத்துப் பொருள். அதைச் சுடுவதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு. சோதிப்பதற்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கழனி தாம்பரத்துக்கு மேற்கே, மணிமங்கலம் பக்கம். ஒரு காலத்தில் சுற்றிலும் நெல். இப்போது மூன்று பக்கம் மனைப்பிரிவு, ஒரு பக்கம் ஏரி. பெரியப்பா பெயரில் ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் இருந்தது. ரவை போட்டு எதையும் சுட்டதாக எனக்கு நினைவில்லை. கதிர் முற்றும் நாளில் ஏரிக்கரைப் புதரிலிருந்து பன்றிகள் வந்தால், மருந்தையும் தேங்காய் நாரையும் மட்டும் கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் அதன் வேலை.

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2021-ல் ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல், அக்டோபரில் எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பியபோது அந்த ஆண்டின் பெருமழை முடிந்திருந்தது. மரக்கட்டை ஊறிப் பருத்திருந்தது. இரும்பில் செந்துரு. நான் துடைத்து, "நாம இயற்கை விவசாயி ஆச்சே" என்று செக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு மாட்டி வைத்தேன். நான் செய்த முதல் தப்பு அது.

தை மாதம் ஒரு இரவு. பெரியப்பா மருந்து கெட்டித்து, கேப்பு வைத்து, குதிரையை அரை நிலையில் நிறுத்தித் தோளில் சாய்த்துக்கொண்டு வரப்பில் நடந்தார். பின்னால் நான், எனக்குப் பின்னால் என் மகன். மடை தாண்டும்போது அவர் துப்பாக்கியை இறக்கிக் கீழ்நோக்கிப் பிடித்தார். விசையை அவர் தொடவில்லை. குதிரை தானாக விழுந்தது. வெடித்தது. வரப்பு மண் ஒரு கூடை அளவு பெயர்ந்தது. ஒரு நிமிஷம் முன்னால் அந்தக் குழல் வாய் எங்கள் முகத்துக்கு நேரே இருந்தது.

பெரியப்பா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சொன்னார்: "டேய், துப்பாக்கின்னா மொதல்ல சும்மா நிக்கணும்டா. சும்மா நிக்கத் தெரியாத துப்பாக்கி சுடவும் லாயக்கில்ல."

உள்ளே என்ன இருக்கிறது?

எலிக்கிட்டி வைத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கிட்டியில் மூங்கில் வில் வளைந்து இழுத்து நிற்கும். ஒரு சிறு குச்சி அதைத் தடுத்து வைத்திருக்கும். எலி இரையைத் தொட்டதும் குச்சி நழுவும், வில் நிமிரும். துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் 'லாக்கு' என்கிற பொறியும் இதே கணக்குதான்.

வெளியே தெரிவது குதிரை. உள்ளே அதனோடு சேர்ந்து சுழலும் ஒரு இரும்பு வட்டு. வட்டைப் பெரிய ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். வட்டின் ஓரத்தில் இரண்டு வெட்டுகள். முதலாவது அரை வெட்டு, ஆழமானது. அடுத்தது முழு வெட்டு, ஆழம் குறைவு. ஒரு கொக்கியின் மூக்கு இந்த வெட்டில் போய் உட்காரும். அதை உட்கார வைப்பது சின்ன ஸ்பிரிங். கொக்கியின் வால் கட்டைக்குள் நீண்டிருக்கும். நாம் விரலால் இழுக்கும் விசை அந்த வாலைத் தூக்கும். மூக்கு வெட்டிலிருந்து விலகும். குதிரை பாய்ந்து நிப்பிள் மேலிருக்கும் கேப்பை அடிக்கும். கேப்பின் தீ நிப்பிள் துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும்.

கேப்பு வருவதற்கு முன்னால் சக்கிமுக்கிக் கல்தான். 1798-ல் வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர்தான் எங்கள் பயிருக்கு உரம் என்று ஊர்க்காரர்கள் முறையிட, கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குக் காவல் தந்து எழுதிக் கொடுத்தார். அந்தச் சிப்பாய்கள் கையில் இருந்தது கல் துப்பாக்கி. பிறகு 1807-ல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், தட்டினால் வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை வாங்கினார். கல்லின் பொறியைப் பார்த்துப் பறவை பறந்துவிடுகிறது என்பதுதான் அவர் குறை. நம் வீட்டுத் துப்பாக்கியின் கேப்பு அந்த வழியில் வந்ததே.

சோதனை: மூன்று கேள்விகள்

முதலில் துப்பாக்கி காலியா என்று உறுதி செய்ய வேண்டும். கேப்பு இல்லை என்பதால் காலி என்று ஆகாது. கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, வாய் மட்டத்தில் பிடித்து வெளியே எடுத்துக் குழலுக்கு வெளியே வைத்து அளந்து பாருங்கள். நிப்பிள் இருக்கும் இடம் வரை போனால் காலி. அதற்கு மேலேயே நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. அளக்கும்போதும் குழல் வாய்க்கு நேரே முகத்தையோ கையையோ கொண்டு போகாதீர்கள்.

சும்மா அடித்துப் பார்த்தால் நிப்பிள் நசுங்கும். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி நிப்பிள் மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: குதிரையை அரை நிலையில் வையுங்கள். விசையை நன்றாக அழுத்துங்கள். விழக்கூடாது. பிறகு குதிரையின் முதுகில் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளுங்கள். அப்போதும் விழக்கூடாது. அரை வெட்டு ஆழமாக இருப்பதே இதற்குத்தான்.

இரண்டு: முழு நிலைக்கு இழுங்கள். 'டக்' என்று தெளிவாக உட்கார வேண்டும். விசையைத் தொடாமல், கட்டையின் அடியைக் கையால் நான்கு தட்டு தட்டுங்கள். நிற்க வேண்டும்.

மூன்று: விசையை இழுங்கள். ஒரே சீராக விடுபட வேண்டும். இரண்டு கையால் இழுக்கிற மாதிரியும் இருக்கக்கூடாது, மூச்சுக் காற்றுக்கு விழுகிற மாதிரியும் இருக்கக்கூடாது.

முதல் இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தத் துப்பாக்கியில் அன்றைக்கு மருந்து போடக்கூடாது. அதில் பேச்சுக்கே இடமில்லை.

குறை லாக்கிலா, கட்டையிலா?

நாங்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சென்னையில் உரிமம் பெற்ற ஒரு பழுது பார்க்கும் கடைக்குப் போனோம். உரிமக்காரர் உடன் இருந்தாலோ எழுத்தில் அனுமதி கொடுத்தாலோ, பழுது பார்க்க வேறொருவர் எடுத்துச் செல்லலாம் என்று ஆயுதச் சட்டம் சொல்கிறது. பெரியப்பாவே கூட வந்தார்.

கடைப் பெரியவர் எதையும் பிரிக்கவில்லை. "முதல்ல நோய் எந்த வீட்ல இருக்குதுன்னு பாப்போம் தம்பி" என்றார். குதிரையை அரை நிலையில் வைத்து, பக்கத் திருகுகளைச் சில சுற்று தளர்த்தி, திருகின் தலையில் மரச் சுத்தியால் மெல்லத் தட்டினார். லாக்கு தானே வெளியே வந்தது. ஸ்குரு டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பக்கூடாதாம். கட்டையின் விளிம்பு பெயர்ந்துவிடும்.

லாக்கைத் தனியாகக் கையில் வைத்துக் குதிரையை இழுத்தார். முழு நிலையில் கல் மாதிரி நின்றது. திரும்பக் கட்டையில் மாட்டி இழுத்தார். நழுவியது. "பாத்தீங்களா, வெளியே நிக்குது, உள்ளே நிக்கல. அப்ப முழு நிலைக் கோளாறு லாக்குல இல்ல. கட்டை ஊறிப்போய் கொக்கி வாலை இடிக்குது."

இதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளலாம். வெளியே நின்று உள்ளே நழுவினால் குறை கட்டையிலோ விசை பொருத்தத்திலோ இருக்கிறது. வெளியேயும் நழுவினால் லாக்கிலேயே குறை: வெட்டு தேய்ந்திருக்கும், மூக்கு உடைந்திருக்கும், அல்லது சின்ன ஸ்பிரிங் செத்திருக்கும்.

மரம் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் லாக்கின் உட்பக்கத்தைக் காட்டிக் கரி படிய வைத்தார். கட்டையில் மாட்டி எடுத்தார். மரத்தில் கரி ஒட்டிய இடம்தான் இடிக்கிற இடம். அங்கே மட்டும் சிறு உளியால் ஒரு மயிரிழை சீவினார். மறுபடி கரி, மறுபடி சீவல். நான்கு தடவை. அவசரமே இல்லை.

ஆனால் எங்களுக்கு இன்னொரு நோயும் இருந்தது. அரை நிலையில் வைத்துத் தள்ளினால் வெளியேயும் குதிரை நழுவியது. லாக்கைப் பிரித்துக் காட்டினார். அரை வெட்டுக்குள் பிசின் மாதிரி ஒரு கருப்பு. நான் விட்ட நல்லெண்ணெய்! காற்றுப் பட்டு இறுகி, பழைய மருந்துக் கசடோடு சேர்ந்து வெட்டை அடைத்திருந்தது. கொக்கி மூக்கு வெட்டின் அடிவரை போகாமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றிருக்கிறது. அப்படி நின்றதால் விளிம்பும் லேசாகச் சிதைந்திருந்தது.

"எண்ணெய் விட்டது தப்பில்ல தம்பி. தோசைக்கு விடுற எண்ணெயை விட்டதுதான் தப்பு" என்றார். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம் நாளடைவில் பிசுக்காகும். தையல் மிஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் போதும். அதுவும் சொட்டுக் கணக்கில்.

மற்ற குறைகள்

விசை கல்லாக இருக்கிறது: முக்கால்வாசி நேரம் துருவும் காய்ந்த கசடும்தான் காரணம். கொக்கியின் திருகை அளவுக்கு மேல் முறுக்கினாலும் கொக்கி இறுகும். கட்டையின் பக்கத் திருகை முழுப் பலத்தோடு முறுக்குவதும் தப்பு, லாக்கு கோணிக்கொள்ளும். சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, திருகை அளவோடு வைத்தாலே பாதி சரியாகிவிடும். மீதியைக் கடையில் பார்க்கட்டும். விசை லேசாக வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். இலக்குப் போட்டிக்காரருக்கு அது சரி. இருட்டில், குளிரில், சேற்றில் நடக்கிற காவல்காரருக்குக் கொஞ்சம் கெட்டியான விசைதான் நல்லது.

முதல் அடிக்குக் கேப்பு வெடிக்காமல் இரண்டாவது அடிக்கு வெடிக்கிறது: நிப்பிளின் தலை நசுங்கி விரிந்திருக்கும். கேப்பு அடிவரை உட்காராது. முதல் அடி அதை உட்கார வைக்கிறது, இரண்டாவது அடி வெடிக்க வைக்கிறது. நிப்பிளை மாற்ற வேண்டும்.

எத்தனை அடித்தாலும் கேப்பு வெடிக்கவில்லை: பெரிய ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அல்லது குதிரை விழும் வழியில் கட்டையில் உரசலாம். உரசினால் மரத்தில் பளபளப்பான தடம் தெரியும்.

கேப்பு வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை: நிப்பிள் துளையில் எண்ணெயோ கசடோ அடைத்திருக்கும், அல்லது மருந்து ஈரம். இதில்தான் கவனம் வேண்டும். உடனே குழலைத் திருப்பிப் பார்க்காதீர்கள். தீ உள்ளே ஊர்ந்துகொண்டிருக்கலாம். ஆளில்லாத பக்கமாகவே பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். பிறகு குழலில் தண்ணீர் ஊற்றி மருந்தை நன்றாக நனைத்துவிடுங்கள். நனைந்த கருமருந்து பற்றாது. உள்ளே இருப்பதை எடுக்கும் வேலையைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

நாம் செய்யலாம், நாம் செய்யக்கூடாது

கருமருந்து எரிந்தபின் மிஞ்சும் கசடு உப்புத்தன்மை உடையது. காற்றின் ஈரத்தை இழுக்கும். கடல் காற்று வீசுகிற நம் பகுதியில் ஒரே இரவில் துரு பூக்கும். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் போகாது. உப்பு தண்ணீரில்தான் கரையும். சுட்ட அன்றே குழலைச் சுடுதண்ணீரால் கழுவி, ஈரம் இல்லாமல் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். லாக்கின் வெளிப்பக்கத்தையும் நிப்பிளையும் அப்படியே. இது நம் வேலை. கட்டையை வெயிலில் போட்டுக் காய வைக்காதீர்கள், வெடிக்கும். நிழலில் காயட்டும்.

வெட்டையும் கொக்கி மூக்கையும் அரத்தால் ராவுவது நம் வேலை இல்லை. அந்த இரும்பின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது. அரம் போட்டால் தோல் போய் மென்மையான இரும்பு வெளியே வரும். இரண்டு நாள் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும், பத்தாவது நாள் தேய்ந்து நழுவும். கடைப் பெரியவர் சாணைக்கல்லில், கோணம் மாறாமல், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தார். எங்கள் துப்பாக்கிக்கு வட்டையே மாற்ற வேண்டியிருந்தது.

சட்டமும் இதையேதான் சொல்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 5-ஆவது பிரிவின்படி துப்பாக்கி பழுது பார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் பழுது பார்ப்பவருக்கு, 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. வெல்டிங் கடைத் தம்பி நல்லவராக இருக்கலாம்; அவரையும் சேர்த்து மாட்டிவிடாதீர்கள்.

பட்டாசைப் பிரித்து அந்த மருந்தைப் போடுகிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். அது வேறு மருந்து, குழலைக் கிழிக்கும்.

உரிமம் பற்றிச் சில வார்த்தை

உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு சொல்கிறது. உரிமம் இப்போது ஐந்து ஆண்டுக்கு. 2022 ஜனவரியில் தாம்பரம் காவல் ஆணையரகம் வந்தபின், அதன் எல்லைக்குள் இருக்கிற நமக்கு உரிமம் தரும் அதிகாரி கலெக்டர் இல்லை, காவல் ஆணையர். பழைய நினைப்பில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்காதீர்கள்.

ஆனால் உரிமம் இருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. காட்டுப் பன்றி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; அதற்கு அப்பால் சுடுவதும் வனத்துறையின் வேலை, நம் வேலை அல்ல. அவுட்டுக்காய் வைப்பதும் வேலியில் கரண்ட் விடுவதும் குற்றம் மட்டுமல்ல, பாவமும்கூட. இலங்கையில் வன்னிப் பக்கம் 'கட்டுத்துவக்கு' என்று விலங்குக்குக் கட்டி வைக்கிற பொறித் துப்பாக்கியில் கால் போன உழவர்கள் உண்டு. கயிறு இழுபட்டால் அது விலங்கா மனிதனா என்று பார்க்காது.

குடகு மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை கைல்போது திருநாளில் துப்பாக்கியைத் துடைத்துப் பூ வைத்து வணங்குவார்கள். நமக்கு ஆயுத பூஜை இருக்கிறது. ஏர், மண்வெட்டி, மோட்டாருக்குப் பொட்டு வைக்கிற அன்று, உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பொட்டு வைப்பதற்கு முன்னால் அந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு தடவை கேளுங்கள். காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கி திரும்பி வந்தாலும் கேளுங்கள். கேப்பு நிப்பிளில் ஏறுவது சுடுகிற நொடிக்கு முன்னால் மட்டும்தான் இருக்கட்டும். அரை நிலையை நம்பி யாரும் வரப்பில் நடக்க வேண்டாம்.

எங்கள் துப்பாக்கி இப்போது சரியாக இருக்கிறது. குதிரை நிற்கிறது, இழுத்தால் விழுகிறது. ஆனாலும் போன இரண்டு போகத்தில் அதை எடுக்கவில்லை. மூன்று பக்கமும் வீடு வந்துவிட்டது. எந்தப் பக்கம் பிடித்து வெடிப்பது? கதிர் முற்றும் நாளில் நான்கு கழனிக்காரர்கள் முறை வைத்துத் தகரம் தட்டிக் காவல் இருக்கிறோம். ஆணையரிடம் ஒப்படைத்துவிடலாமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "குடுத்துடலாம். ஆனா நல்லா நிக்கிற துப்பாக்கியா குடுக்கணும். வாங்குறவனும் ஒரு புள்ளதானே" என்றார்.